பலாலி: நடுவழி நிலையம் கடைக்கோடியான கதை

வடக்கே போகும் புகையிரதம் எதுவானாலும் மருதானையை விட்டதும் தெமட்டகொடையைத் தாண்டித்தான் போகும். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவிக்கும் இதுவே பாதை. இப்பாதையோடு பழகிய கொழும்புத் தமிழருக்கு யாழ்ப்பாணம் என்பது தண்டவாளத்தின் மறுமுனை. 400 கிலோமீட்டர் தள்ளி, காங்கேசன்துறையில் நிலம் முடிகிற இடம். அந்த எண்ணம் பலாலி விமான நிலையத்தோடும் ஒட்டிக்கொண்டது. ஆனால் வானவழியை அளந்து பார்த்தால் கணக்கு மாறிவிடுகிறது. கொழும்பின் இரத்மலானை விமான நிலையத்திலிருந்து பலாலி ஏறத்தாழ 330 கிலோமீட்டர். பலாலியிலிருந்து சென்னை 355 அளவில். இரு நகரங்களுக்கும் கிட்டத்தட்டச் சரிபாதியில் கிடக்கும் ஓரிடம் ஒதுக்குப்புறமாக இருக்க முடியாது. பலாலி பின்னாளில் தூரமாக்கப்பட்ட இடம் என்றே நான் கொள்கிறேன்.

இதற்குச் சான்று எயார் சிலோனின் முதல் பயணத்திலேயே இருக்கிறது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி, சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் முன்பு, ஒரு டகோட்டா விமானம் இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறை என்று அன்று அழைக்கப்பட்ட பலாலியில் இறங்கி, சென்னைக்குப் பறந்தது. எண்ணெய் நிரப்பத்தான் நடுவில் இறங்கியிருக்கும் என்று ஒருவர் சொல்லக்கூடும். டகோட்டா ஒரே மூச்சில் ஆயிரம் மைலுக்கு மேல் பறக்க வல்லது. இந்த முழு வழியும் அதில் பாதிகூட இல்லை. ஆகவே அது இறங்கியது ஆட்களுக்காக. இரண்டாம் உலகப் போருக்கென்று பிரித்தானியர் போட்ட ஓடுபாதை, போர் முடிந்த இரண்டே ஆண்டில் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் ஒரே கோட்டில் கோத்துவிட்டது. பின்னாளில் அந்தச் சேவை நின்று கோடு அறுந்தபின் நேர்ந்ததையும் கிலோமீட்டரிலேயே சொல்லலாம். சென்னைக்குப் போக வேண்டிய யாழ்ப்பாணத்தவர் முதலில் தெற்கே கட்டுநாயக்காவுக்கு வந்து, அங்கிருந்து வடக்கே 640 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டியதாயிற்று. 355 கிலோமீட்டர் வழி ஏறத்தாழ ஆயிரமாக நீண்டது. உள்நாட்டுப் போரில் யாழ்ப்பாண வீதி மூடிக்கிடந்த ஆண்டுகளில் கொழும்புவரை வந்து சேர்வதற்கே பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். பறக்கும் ஒரு மணி நேரத்துக்காகச் சோதனைகளில் நாள் கழியும். பலாலி, மயிலிட்டி மக்களுக்கோ 1990இல் ஊரே இல்லாமற்போய், விமான நிலையம் மட்டும் படையினர் கையில் எஞ்சியது.

போர்முனைக்கு எந்த அரசு பயணிகள் விமானம் விடும் என்று கேட்பதில் நியாயம் உண்டு. 1998 செப்டம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் கடலில் வீழ்ந்து 55 பேர் மாண்டனர். அந்த இழப்புக்கு முன்னால் பயண நேரத்தைப் பற்றிப் பேசவே நாக்கூசுகிறது. ஆனால் போர் முடிந்தது 2009இல். யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் 2014இல் திரும்பிவிட்டது. பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டதோ 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி. இடைப்பட்ட பத்தாண்டுகளைப் போரின் கணக்கில் எழுத முடியாது. பயணிகள் போதாது என்பதும் நிற்கவில்லை: 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டது, 2024இல் இரண்டாவது நிறுவனமாக இண்டிகோவும் வந்து சேர்ந்தது. இப்போது சென்னையிலிருந்து பலாலிக்கு வந்துசேர ஒன்றரை மணி நேரம் வேண்டாம். மணிக்கு 270 கிலோமீட்டர் அளவில் பறந்த அந்த டகோட்டாவுக்கும் இவ்வளவு நேரம்தான் பிடித்திருக்கும்.