எஸ்டர்

ஜெட் எஞ்சினுக்கு ஊற்றும் செயற்கை மசகெண்ணெயின் வேதிக் குடும்பப் பெயர் இது. ஜெர்மன் வேதியியலர் லியோபோல்ட் க்மெலின் 1848-இல் ஆக்கிய சொல். காடியைக் குறிக்கும் 'எஸிக்', 'ஏதர்' இரண்டும் ஒட்டிச் சுருங்கியது. அமிலமும் ஆல்கஹாலும் கூடி, நீர் நீங்கியபின் கிடைப்பதே எஸ்டர். அந்தக் கணக்கில் நம் நல்லெண்ணெயும் எஸ்டர்தான், ஆமணக்கெண்ணெயும் எஸ்டர்தான். முதல் உலகப் போர் விமானங்கள் பலவற்றில் ஓடியதே ஆமணக்கெண்ணெய்! ஆனால் டர்பைன் சூட்டில் அது பிசினாகிவிடும். இன்றைய பாலியால் எஸ்டர் வகை மைனஸ் 54 டிகிரி செல்சியஸ் குளிரிலும் உறையாது. 200 டிகிரியை ஒட்டிய சூட்டிலும் எளிதில் கரியாகாது. பேரிங்குகளை வழவழப்பாக்குவதோடு அவற்றின் சூட்டையும் அள்ளிச் செல்லும். குறை ஒன்று உண்டு: சிலவகை ரப்பர் சீல்களை உப்பவைக்கும், பெயின்ட்டை உரிக்கும். ஆகவே எஞ்சின் கையேடு சொல்லாத எண்ணெயை ஊற்றவே கூடாது.