பதவி யாருடையது?

சீயமங்கலத்துக் குடைவரைக் கோயிலைக் கண்டு செஞ்சிக்கு வரும் நாம், இராசகிரியை அண்ணாந்து நோக்குகையில் தேசிங்குராசனின் வீரத்தை நினைக்கிறோம்; அவன் உயிரைக் கொண்ட வழக்கை நினைப்பதில்லை.

முகலாயர் 1698-இல் கோட்டையைக் கைப்பற்றினர். பின்னர் ஔரங்கசீப், புந்தேல இராசபுத்திரனான சொரூப்சிங்கைக் கோட்டைத் தலைவனாக நியமித்தான். 1714-இல் அவன் இறந்ததும், தந்தை பெற்ற ஆணையே தனக்கும் போதும் என மகன் தேசிங்கு பொறுப்பேற்றான். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானோ புதிய ஆணையும் நிலுவைப் பணமும் வேண்டும் என்றான். அவ்வாண்டே போர் மூண்டது. இளைஞன் களத்தில் வீழ்ந்தான்.

விதி நவாபின் பக்கமே நின்றது. ஆயினும் 1732-இல் அவன் மறைந்தபோது, அதே பேரரசின் பதவியான ஆர்க்காட்டு நவாபுரிமை அவனுடைய உடன்பிறந்தான் மகன் தோசுத்து அலியையே சேர்ந்தது. விதி யார்மீது பாயும் என்பதை அதிகாரமே முடிவு செய்தது.

தலைமுறைகளாகச் சில குடும்பங்களிலேயே பெரும்பாலும் நிலைத்திருந்த கர்ணம், கிராம முனிசீபு பதவிகளைத் தமிழக அரசு 1980-இல் ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். பெயர்ப்பலகை மாறியது. நம் மனம் மாறிற்றா? அலுவலகத்திலும் சங்கத்திலும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட நாற்காலியை நம் வீட்டுப் பொருளாக எண்ணாதிருக்கிறோமா? பிறருக்குக் காட்டும் விதியை நமக்கும் காட்டுகிறோமா? செஞ்சி மலை நம்மைக் கேட்பது இதுவே.