விடுதலை தேடி வந்தவர்கள்

மேற்காபிரிக்கக் கரையோரத்தில் அமைந்துள்ள சிறிய நாடான லைபீரியாவின் அரச இலச்சினையில் ஒரு பாய்க்கப்பலும், அதற்கு மேலே ஒரு வாசகமும் உண்டு. சுதந்திரத்தின் மீதான பற்றே எம்மை இங்கு கொண்டுவந்தது என்பது அதன் பொருள். அந்த 'எம்மை' என்ற சொல் யாரைக் குறிக்கிறது என்ற கேள்விக்குள் அந்நாட்டின் வரலாறு முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ஆபிரிக்காவில் குடியேற்றும் நோக்குடன் 1816இல் அமெரிக்கக் குடியேற்றச் சங்கம் உருவானது. அதில் மனிதாபிமானிகளும் இருந்தனர். சுதந்திரமான கறுப்பர்கள் தம்மருகே வாழ்வதை விரும்பாத அடிமை உடைமையாளர்களும் இருந்தனர். 1820இல் நியூயோர்க்கிலிருந்து 'எலிசபெத்' என்ற கப்பல் முதற் குடியேறிகளை ஏற்றிச் சென்றது. சேர்ப்ரோ தீவில் இறங்கியவர்களுட் பலரைக் காய்ச்சல் பலிகொண்டது. 1821 டிசெம்பரில் மெசுராடோ முனை உள்ளூர்த் தலைவர்களிடமிருந்து பெறப்பட்டது. துப்பாக்கிகள், புகையிலை, மணிகள் முதலானவையே அதற்கு விலை. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஸ்டொக்டன் கைத்துப்பாக்கியை நீட்டியே சம்மதம் பெற்றார் என்று சொல்லப்படுகிறது. அங்கு எழுந்த நகரம் அமெரிக்க ஜனாதிபதி மொன்ரோவின் பெயரால் மொன்ரோவியா ஆனது.

மூதாதையரின் கண்டம் என்று கருதி வந்தவர்களுக்கு அம்மண்ணின் நீரும் காற்றும் அந்நியமாகவே இருந்தன. 1820 முதல் 1843 வரை வந்திறங்கிய 4,571 பேரில் 1843இல் உயிருடன் எஞ்சியிருந்தவர்கள் 1,819 பேர் மட்டுமே. அந்த இழப்பின் மீதுதான் 1847 ஜூலை 26ஆம் திகதி லைபீரியக் குடியரசு பிரகடனம் செய்யப்பட்டது. வேர்ஜினியாவிற் பிறந்த ஜோசப் ஜென்கின்ஸ் ரொபர்ட்ஸ் முதல் ஜனாதிபதியானார்.

லைபீரிய மக்களாகிய தாம் ஆதியில் வட அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வாசிகள் என்று அந்தச் சுதந்திரப் பிரகடனம் கூறியது. அப்படியானால், தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்துவந்த க்பெலே, பாசா, க்ரூ, வாய் மக்கள் யார்? அவர்களைக் குடிமக்களாக ஏற்க 1904 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் செய்த ஜனாதிபதி ஆர்தர் பார்க்ளேயும் பார்படோஸ் தீவிற் பிறந்தவரே. வாக்குரிமை அவர்களை எட்டத் தொடங்கியது 1940களில், ஜனாதிபதி டப்மனின் காலத்தில்தான்.

இதைவிடக் கொடிய முரண் 1930இல் வெளிப்பட்டது. உள்நாட்டு மக்கள் கட்டாயத் தொழிலாளராக பெர்னாண்டோ போ தீவுக்கு அனுப்பப்பட்டதைச் சர்வதேச சங்கம் நியமித்த விசாரணைக் குழு அம்பலப்படுத்தியது. ஜனாதிபதி சார்ள்ஸ் கிங் பதவி துறந்தார். அடிமைத்தனத்திலிருந்து தப்பியவர்களின் வழிவந்தோரே அதையொத்த வணிகத்தில் இலாபம் கண்டிருந்தனர்.

சனத்தொகையில் நூற்றுக்கு ஐந்து பேரளவிலேயே இருந்த இச்சமூகத்தின் உண்மை விக் கட்சி 1878 முதல் 1980 வரை தொடர்ந்து ஆட்சி புரிந்தது. 1980 ஏப்ரல் 12ஆம் திகதி க்ரான் இனத்தவரான சாமுவேல் டோ தலைமையிலான படையினர் ஜனாதிபதி டோல்பேட்டை மாளிகையிலேயே கொன்றனர். பத்து நாட்களின் பின் பதின்மூன்று பிரமுகர்கள் கடற்கரையில் சுடப்பட்டனர். ஆனால் நீதி வரவில்லை. 1989 முதல் 2003 வரை இரு உள்நாட்டுப் போர்களே வந்தன.

குடியேறிகள் விட்டுச்சென்ற ஒரு விதி இன்னும் நிலைத்திருக்கிறது. கறுப்பினத்தவர் மட்டுமே லைபீரியப் பிரஜைகளாகலாம். பிரஜைகள் மட்டுமே நிலத்துக்கு உரிமை கொள்ளலாம். வெள்ளையரின் ஆதிக்கம் மீளக்கூடாது என்ற நியாயமான அச்சத்தில் 1847இல் எழுந்த ஏற்பாடு இது. இன்று அதன் பாரத்தைச் சுமப்போர், பல தலைமுறைகளாக அங்கு கடை நடத்திவரும் லெபனானியர்கள். மொன்ரோவியாவிலேயே பிறந்து வளர்ந்தாலும் அவர்கள் சட்டப்படி வெளிநாட்டவரே. 2018இல் ஜனாதிபதி ஜோர்ஜ் வேயா இவ்விதியை இனவாதமானது என்று வெளிப்படையாகச் சொன்னார். எதிர்ப்பு எழுந்தது, விதி மாறவில்லை.

தாம் பிறந்த அமெரிக்காவில் அந்நியராக நடத்தப்பட்டவர்கள், தாம் சென்றடைந்த நாட்டில் யார் அந்நியர் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தையே முதலிற் கையிலெடுத்தார்கள். சட்டம் எழுதுபவரின் அச்சம், எழுதியவர் மறைந்த பின்னரும் சட்டத்தில் வாழ்ந்துகொண்டேயிருக்கிறது.