உரலடியில் தொலைந்த விதை

கொல்லிமலையில் சாமையும் தினையும் குறைந்ததற்கு மரவள்ளிதான் காரணம் என்கிறார்கள். அது பாதி உண்மை. மீதியை என் அம்மாவின் உள்ளங்கைக் காய்ப்பில் பார்த்து வளர்ந்தவன் நான்.

மரவள்ளியின் கதை சமவெளியில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது, 1943-ல் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். ஆலைகள் பெருகின. 1981-ல் ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் உருவானது. மலைப்பாதையில் லாரி ஏறியதும் கிழங்கு மொத்தப் பணமாக மாறியது. சாமைக் காடுகள் மரவள்ளிக் குச்சி நடும் காடுகளாயின. கிழங்கைப் பிடுங்க மண்ணைக் கிளறவேண்டும். சரிவு நிலத்தில் கிளறிய மண் அடுத்த மழைக்கு ஓடைக்குப் போய்விடும்.

பழைய காட்டில் மண் அப்படி வெறுமையாகக் கிடக்காது. சாமையோடு துவரையும் மொச்சையும் ஆமணக்கும் கலந்து நிற்கும். சாமையை அறுத்த பிறகும் துவரை நிற்கும். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ற ரகங்கள் இருந்தன. எந்த மேட்டில் எதை விதைப்பது என்பது பெரியவர்களுக்கு மனப்பாடம்.

விதை எடுப்பது பெண்களின் பொறுப்பு. அறுவடைக்கு முன்பே அம்மா காட்டுக்குள் நடந்து, நோயில்லாத, மணி திரண்ட கதிர்களாகப் பார்த்துத் தனியே கொய்வார். அவற்றைக் களத்துக் குவியலோடு சேர்க்கவிடமாட்டார். நன்றாகக் காயவைத்து, சாம்பல் கலந்து, வேப்பிலை போட்டு மூடிவைப்பார். பசித்த மாதத்திலும் அந்தப் பானையில் கைவைக்க முடியாது.

ஆனால் அதே அம்மாதான் விடியுமுன் உலக்கை பிடித்தார். சாமையின் உமி லேசில் விடாது. குத்தி, புடைத்து, மறுபடி குத்தவேண்டும். அது முடிந்துதான் காட்டு வேலை. ரேஷன் அரிசி வீட்டுக்கு வந்ததும் அவர் உலக்கையைச் சுவரில் சாய்த்தார். அதை நான் ஒருநாளும் குறையாகச் சொல்லமாட்டேன். சோறாகாத தானியத்தை யார் விதைப்பார்கள்? விதைக்காவிட்டால் பானை விதை சில வருடங்களில் முளைப்புத்திறன் இழந்துவிடும்.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வேலை தொடங்கியது. பாரம்பரிய ரகங்களைத் திரட்டி ஊர்களில் விதை வங்கி வைத்ததோடு, உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் மகளிர் குழுக்களிடம் கொடுத்தார்கள். என் கணக்கில் அந்த இயந்திரம்தான் பெரிய காரியம். குத்தும் பாடு குறைந்த வீட்டில் சாமைச் சோறு திரும்பியது. சோறு திரும்பிய வீட்டில் விதைக்கும் இடம் கிடைத்தது.

2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரத்துக் கடைகளில் சாமைக்கு மதிப்பு கூடியிருக்கிறது. மகிழ்ச்சி. அந்த விலையில் நியாயமான பங்கு விதை எடுக்கும் பெண்ணுக்கு வரவேண்டும்; உமி நீக்கும் இயந்திரம் நடந்து போகிற தூரத்தில் இருக்கவேண்டும். மலைமக்களின் அறிவைப் புகழ்வதைவிட, அதைச் சுமந்த கைகளின் பாரத்தைக் குறைப்பதே அந்த அறிவைக் காக்கும் வழி.