பெற்ற மனையும் வளர்த்த மனையும்

திருநாவலூர்த் தெருவிலே சிறுதேர் உருட்டி விளையாடிய குழந்தையைத் திருமுனைப்பாடி மன்னர் நரசிங்கமுனையரையர் கண்டார். தந்தை சடையனாரை வேண்டிப் பெற்றுத் தம் மகன்போல் வளர்த்தார். 8ஆம் நூற்றாண்டினராகக் கருதப்பெறும் சுந்தரமூர்த்தி சுவாமிகளின் பிள்ளைமை இது. சிறார்க்கு இக்கதை சொல்லுவோர் தேரோடும் அரண்மனையோடும் நிறுத்திவிடுவர். பிள்ளையை ஈந்த இசைஞானியாரின் நெஞ்சை நினைப்பார் அரியர்.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டிற் பாடியதை ஊன்றி நோக்குவோமாயின் ஒன்று விளங்கும். அரச வளர்ப்பிலும் பிள்ளையின் அந்தணர் மரபு மாறவில்லை. முந்நூல் அணிவித்தனர், கலைகள் பயிற்றினர். மணப்பருவத்திலே பெண் பேசியவர் சடையனாரே. எடுத்து வளர்த்தவர் பெற்றோரின் உரிமையைத் துடைத்துவிடவில்லை. அரசர்க்கு இஃது எளிதோ?

வளர்ந்த பிள்ளையும் எவரையும் விட்டுக்கொடுத்தாரில்லை. திருநாவலூர்ப் பதிகத்தில் முனையரையரைப் பெயர் சுட்டிப் பாடினார். திருத்தொண்டத்தொகையில் அவரையும் பெற்றோர் இருவரையும் வைத்தார். அறுபத்துமூவருள் இம்மூவரையும் நாம் வணங்குவது அதனாலன்றோ!

திருநாட்டியத்தான்குடியில் கோட்புலியார் தம் மகளிர் சிங்கடியையும் வனப்பகையையும் அடிமையாகக் கொள்ளுமாறு அளித்தபோது, சுவாமிகள் அவர்களைத் தம் மக்களாகவே ஏற்றார். அவ்வூர்ப் பதிகத்தின் இறுதியில் தம்மைச் சிங்கடிக்குத் தந்தை என்றே குறித்தார். வேறு பதிகத்தில் வனப்பகைக்கும் தந்தையானார்.