வட்டுக்கோட்டைச் செமினறி: மூடியவர் யார், திறந்தவர் யார்?

வட்டுக்கோட்டை என்றதும் இன்று பலருடைய நினைவுக்கு வருவது 1976 மே 14ஆம் திகதி நிறைவேற்றப்பட்ட தீர்மானமே. அரசியல் செய்திகளோடு காலத்தைக் கழித்த எம்மைப் போன்ற பத்திரிகைக்காரருக்கு அது இயல்பானதுதான். ஆனால், அத்தீர்மானத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே அவ்வூரின் பெயர் கடல் கடந்து பேசப்பட்டது என்பதையும், அங்கிருந்த ஒரு கல்விக்கூடமே அதற்குக் காரணம் என்பதையும் இளைய தலைமுறையினர் அறிந்திருத்தல் வேண்டும். 1823இல் தொடங்கப்பட்டு 1855இல் மூடப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினறியே அது. அது நடந்தது 32 ஆண்டுகள் மட்டுமே. அதன் தாக்கமோ இன்றும் தீரவில்லை.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துப் பழைய தேவாலய வளவுகள் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் அவர்களுடைய முதல் நிலையங்களாயின. சில ஆண்டுகளுக்குள் ஊர்ப் பாடசாலைகளில் தேறிய மாணவர் தொகை பெருகவே, உயர்கல்வி நிலையம் ஒன்று தேவைப்பட்டது. கல்லூரி ஒன்றை அமைக்கும் திட்டத்தை அவர்கள் 1823இல் வகுத்தனர். அமெரிக்கர் இங்கு கல்லூரி நடத்துவதை ஆங்கில அரசு விரும்பவில்லை. தேசாதிபதி எட்வேட் பார்ண்ஸ் அமெரிக்க மிஷனரிமார் மேலும் வருவதையே தடுத்தவர். எனவே, மத்திய பாடசாலை என்ற அடக்கமான பெயரோடு தொடங்கிய நிறுவனம் பின்னர் செமினறி எனப் பெயர் பெற்றது. பெயர் எதுவாயினும், நடந்தது கல்லூரிக் கல்வியே. அதன் முதல் தலைவர் டானியல் பூவர். நீதியரசர் ரிச்சர்ட் ஒட்லி பொருளுதவி செய்தார். அவர் பெயரைத் தாங்கிய ஒட்லி மண்டபம் வட்டுக்கோட்டை வளவில் உள்ளது.

மாணவர் வளவிலேயே தங்கிப் படித்தனர். ஆங்கில இலக்கியம், கணிதம், வானசாத்திரம், தருக்கம், கிறிஸ்தவ வேதம் ஆகியவற்றோடு தமிழ் இலக்கண இலக்கியங்களும் வடமொழியும் கற்பிக்கப்பட்டன. மாணவர் ஒருவரின் செலவை அமெரிக்காவிலுள்ள கொடையாளர் ஒருவர் ஏற்றால், அவர் விரும்பிய பெயர் அம்மாணவனுக்கு இடப்படும் வழக்கமும் இருந்தது. சுதுமலை விசுவநாதபிள்ளை கரோல் ஆனதும், சதாசிவம்பிள்ளை ஆர்னோல்ட் ஆனதும் இவ்வாறே. உணவு விடயத்தில் நிலைமை வேறு. மிஷன் வளவில் சமைத்த உணவை உண்பதற்கு மேற்சாதிப் பிள்ளைகள் ஆரம்பத்தில் மறுத்தமையால், சமையலை வளவுக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பெயரை மாற்றிக்கொள்ள உடன்பட்ட சமூகம் அடுப்பை மாற்றிக்கொள்ள உடன்படவில்லை. சாதியின் பிடி அத்தகையது. செமினறியின் பயனைப் பெரும்பாலும் வேளாளரே பெற்றனர் என்பதையும் மறைத்தல் தகாது.

அக்காலத்தில் ஊரெல்லாம் பேசப்பட்ட நிகழ்வு 1829இல் நேர்ந்த சந்திர கிரகணமாகும். கிரகணம் தொடங்கும் நேரம் முதலியவற்றைப் பூவர் கணித்தபோது, உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்பிலிருந்து அது வேறுபட்டது. இரு கணிப்புகளும் முன்கூட்டியே பகிரங்கமாயின. கிரகணம் பூவர் சொன்னபடியே நிகழ்ந்தது. மேலைத்தேய வானசாத்திரத்துக்குச் செமினறி மாணவரிடையே பெரும் மதிப்பு ஏற்பட்டது. எனினும், சுதேச கணிதத்தை வெறும் மூடநம்பிக்கை என்று அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. பூவருக்குப் பின் தலைமை ஏற்ற ஹென்றி ஹொய்சிங்டன், இந்து வானசாத்திரத்தை ஆங்கில மொழிபெயர்ப்போடும் குறிப்புகளோடும் 1848இல் நூலாக்கினார். பின்னர் சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் அவரே. மதம் மாற்ற வந்தவர் சைவ சித்தாந்தத்தை அமெரிக்க அறிஞருக்கு அறிமுகம் செய்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

மாணவர் பக்கம் நோக்கினால் விந்தை இன்னும் பெரிது. 1841இல் வெளிவரத் தொடங்கிய உதயதாரகையை நடத்திய ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் செமினறியில் பயின்றவர்கள். யாழ்ப்பாணத்தில் பேனா பிடித்த ஒவ்வொரு பத்திரிகையாளனும் அவ்விருவருக்கும் கடமைப்பட்டவனாவான். பிற்காலத்தில் அதன் ஆசிரியராயிருந்த ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் பாவலர் சரித்திர தீபகத்தை 1886இல் தந்தார். கரோல் விசுவநாதபிள்ளை 1855இல் அட்சர கணிதத்தைத் தமிழில் எழுதி வெளியிட்டார். அவரும் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பி.ஏ. பட்டதாரிகளாயினர். இருவரும் சைவத்துக்கே மீண்டனர். வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை என்பன ஏட்டிலிருந்து அச்சேறியது தாமோதரம்பிள்ளையின் உழைப்பினாலே. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக மலர்ந்த பாடசாலைக்கு வித்திட்ட நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையும் செமினறியின் பிள்ளையே.

குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற், 1850இல் வெளிவந்த தமது நூலில், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு வைத்து எண்ணத்தக்கது எனச் செமினறியைப் புகழ்ந்தார். இத்தனை புகழ் பெற்ற நிறுவனம் ஐந்தே ஆண்டுகளில் மூடப்பட்டது. ஆங்கில அரசோ, சைவரின் எதிர்ப்போ அதற்குக் காரணமன்று. 1855இல் அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த தூதுக்குழுவின் கொள்கையே காரணம். மிஷனின் பணி சுவிசேஷம் சொல்வது. போதகர்களைத் தாய்மொழியில் பயிற்றினாலே போதும். ஆங்கிலம் படித்தவர் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகின்றனர். இதுவே அவர்களுடைய வாதம்.

இந்த வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. படித்தவருட் பலர் கச்சேரிகளையும் நீதிமன்றங்களையும் நாடியது உண்மை. ஆங்கிலத்தை உயர்த்தித் தமிழைத் தாழ்த்தும் மனப்பாங்கு பின்னாளில் எம்மிடையே வேரூன்றியதும் உண்மை. ஆனால், தாய்மொழியின் பெயரால் இங்கு நிகழ்ந்தது வேறொன்று. போதகருக்கு எவ்வளவு கல்வி போதும் என்பதைத் தீர்மானித்தவர்கள், ஊராருக்கு எவ்வளவு போதும் என்பதையும் தீர்மானித்துவிட்டனர். வீசகணிதத்தைத் தமிழில் எழுதியவரும் தொல்காப்பியத்தைப் பதிப்பித்தவரும் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்து புகட்டப்பட்ட வகுப்புகளிலிருந்தே வந்தனர் என்பது அவர்கள் கண்ணில் படவில்லை.

ஊரார் வாளாவிருக்கவில்லை. பழைய மாணவர் சிலர் தாமே ஆங்கிலப் பாடசாலை நடத்தினர். 1867இல் அவர்கள் கூடி, உயர்கல்விக்கு மீண்டும் ஒரு கல்லூரி வேண்டும் எனத் தீர்மானித்தனர். ஊரிலே பணம் சேர்த்தனர். அமெரிக்காவிலும் நிதி திரட்டப்பட்டது. 1872இல் ஹேஸ்ரிங்ஸ் பாதிரியாரை அதிபராகக் கொண்டு அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. மிஷன் தானாக அளித்த கொடையாக இதைச் சொல்வது தவறு. இது ஊரார் கேட்டுப் பெற்ற கல்லூரி. அதன் நிர்வாக சபையில் தமிழரும் அமர்ந்தனர்.

பின்னைய வரலாறு அந்த ஊற்றிலிருந்தே பாய்கிறது. 1924இல் உருவாகிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் ஆகிய இயக்கத்தின் உயிர்நாடியான ஹண்டி பேரின்பநாயகம் இக்கல்லூரியின் மாணவர்; இங்கேயே ஆசிரியருமானார். 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும், தீண்டாமையைப் பகிரங்கமாக எதிர்த்ததும் அவ்வியக்கமே. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் அடுப்பைக்கூட வளவுக்கு வெளியே வைக்கச் செய்த வழக்கத்தை எதிர்த்து, அதே வளவில் படித்தவர்கள் குரல் கொடுத்தனர். இலண்டன் பல்கலைக்கழக வெளிவாரிப் பட்டத்துக்கு மாணவரை ஆயத்தம் செய்த பட்டதாரிப் பிரிவும் இங்கு இயங்கியது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் பரமேஸ்வராக் கல்லூரியில் தொடங்கப்பட்டபோது, விஞ்ஞான பீடம் சில ஆண்டுகள் நடந்தது வட்டுக்கோட்டையில் அந்தப் பிரிவின் கட்டடங்களிலேதான். 1823இல் கல்லூரி என்ற பெயரே மறுக்கப்பட்ட வளவில் பல்கலைக்கழக வகுப்புகள் நடந்தன.

இன்று புலம்பெயர் நாடுகளிலே பழைய மாணவர் சங்கம் இல்லாத யாழ்ப்பாணப் பாடசாலை அரிது. கட்டடங்களுக்குப் பணம் வருகிறது, விழாக்களும் நடைபெறுகின்றன. அது நல்லதே. ஆனால், 1867இல் கூடியவர்கள் கட்டடத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. எம் பிள்ளைகளுக்கு எத்தகைய கல்வி வேண்டும், அதைத் தீர்மானிப்பவர் யார் என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. பழைய மாணவர் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்ட நிகழ்ச்சிநிரலில் இக்கேள்விக்கும் ஓர் இடம் ஒதுக்கப்படுதல் வேண்டும்.