சீருடையும் தேசமும்: ஐரிஷ் போர் நாவல்கள் பற்றிய ஒரு நோக்கு

முதலாம் உலக யுத்தத்திற் (1914–1918) பிரித்தானியச் சீருடை அணிந்து போரிட்ட ஐரிஷ்காரர் ஏறத்தாழ 2 இலட்சம் பேராவர். யுத்தத்தை ஆதரித்தாற் சுயாட்சி உறுதிப்படும் என நம்பிய தேசியவாதத் தலைவர் ஜோன் றெட்மன்ட், 1914 செப்டெம்பரில் அவர்களைப் போர்முனைக்கு அழைத்தார். 1916 ஏப்ரல் 24ஆந் திகதி டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி வெடித்தது. அதே வாரத்திற் பிரான்சிய முனையில், 16ஆவது ஐரிஷ் டிவிஷனைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் ஜேர்மனியரின் நச்சுவாயுவுக்குப் பலியாயினர். எழுச்சியில் மாண்டோர் தேசிய வரலாற்றின் தியாகிகளாயினர். நச்சுவாயுவில் மாண்டோர் அவ்வரலாற்றுக்குச் சங்கடமாயினர். டப்ளினில் 1930களில் அமைக்கப்பெற்ற அவர்தம் நினைவுப் பூங்கா, 1988இலேயே முறைப்படி திறந்து வைக்கப்பட்டது.

இம்மௌனத்தை உடைத்ததில் வரலாற்று நாவலுக்குக் கணிசமான பங்குண்டு. ஜெனிஃபர் ஜோன்ஸ்ரன் 1974இல் வெளியிட்ட 'பபிலோனுக்கு எத்தனை மைல்?' என்ற நாவல், நிலப்பிரபுவின் மகன் அலெக்கினதும் குடியானவனின் மகன் ஜெரியினதும் நட்பைக் கூறுவது. இளமையிற் குதிரைகளால் இணைந்த இருவரும் போர்முனையில் அதிகாரியாகவும் சிப்பாயாகவும் பிரிக்கப்படுகின்றனர். காணாமற்போன தந்தையைத் தேடி அணியை விட்டுச் சென்ற ஜெரிக்கு மரணதண்டனை விதிக்கப்படுகின்றது. அவனைச் சுடும் அணிக்குத் தலைமை தாங்குமாறு அலெக் பணிக்கப்படுகின்றான். நிலவுடைமைச் சமூகத்தின் வர்க்க வேலியே இராணுவ ஒழுங்காக வடிவம் மாறி நிற்பதை இந்நாவல் துலக்கிக் காட்டுகின்றது.

செபாஸ்தியன் பரியின் 'நெடிய நெடிய வழி' (2005) நகரஞ் சார்ந்தது. அதன் நாயகன் வில்லி டண் ஒரு டப்ளின் பொலிஸ் அதிகாரியின் மகன். விடுமுறை முடிந்து போர்முனைக்குத் திரும்பும் வேளையில் அவன் ஈஸ்டர் எழுச்சியை அடக்கும் பணிக்குத் திருப்பப்படுகின்றான்; தன் வயதொத்த கிளர்ச்சியாளன் ஒருவனின் சாவைக் காண்கின்றான். அம்மரணத்துக்கு இரங்கி எழுதிய கடிதமே தந்தையையும் மகனையும் பிரிக்கின்றது. 1913ஆம் ஆண்டின் டப்ளின் கதவடைப்பின்போது தொழிலாளர் மீது பொலிசார் நடத்திய தாக்குதலும் இந்நாவலின் பின்புலத்தில் இடம்பெறுகின்றது.

இது தற்செயலன்று. கதவடைப்பில் தோல்வியுற்று வேலையிழந்த தொழிலாளர் பலர் வயிற்றுப்பாட்டுக்காகவே படையிற் சேர்ந்தனர். ஜேம்ஸ் கொனலி இதனைப் 'பொருளாதாரக் கட்டாய ஆட்சேர்ப்பு' என வர்ணித்தார். ஆகவே அச்சிப்பாயைத் துரோகி என ஒதுக்குதல் வரலாற்று நோக்காகாது.

எனினும் இந்நாவல்களுக்கு ஓர் எல்லையுண்டு. இரண்டிலும் சிப்பாய் அனுதாபத்துக்குரிய பலிப்பொருளாகவே மடிகின்றான். வரலாறோ வேறொரு சிப்பாயையும் அறியும். 1920 ஜூனிற் பஞ்சாப்பின் ஜலந்தரில் நிலைகொண்டிருந்த கொனோற் றேஞ்சர்ஸ் படையினர், அயர்லாந்திற் பிரித்தானியப் படைகள் புரிந்த கொடுமைகளை எதிர்த்துப் பணியாற்ற மறுத்தனர். அப்படையைச் சேர்ந்த ஜேம்ஸ் டேலி அதே ஆண்டு நவம்பர் 2ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். ஏகாதிபத்தியம் தந்த சீருடைக்குள்ளிருந்தே அதனை மறுக்கும் உணர்வும் பிறக்கக்கூடும் என்பதற்கு இது சான்று. புறக்கணிக்கப்பட்ட சிப்பாய்க்காக இரங்குவதை இந்நாவல்கள் சாத்தியமாக்கின. அவனது எதிர்ப்பாற்றலையும் சேர்த்து நோக்கும்போதே அவனது வரலாறு முழுமை பெறும்.